வளைகாப்பு முடிந்ததும் தாய்வீடு... 28-வது வாரத்துக்குள் பேசி முடிக்க வேண்டிய விஷயங்கள் என்னென்ன?

காரைக்குடி பக்கம் உள்ள கொத்தமங்கலம் போன்ற செட்டிநாட்டு ஊர்களில், வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் விசேஷம் என்றால் சட்டென்று விழித்துக்கொள்ளும். சென்னை, கோவை, பெங்களூரு, சிங்கப்பூர் என்று சிதறியிருக்கும் சொந்தங்கள் வந்து இறங்குவார்கள். வளைகாப்பும் அப்படியொரு நாள்தான். ஐந்து வகை சாதம், கை நிறைய கண்ணாடி வளையல், சந்தனம், குங்குமம், குரூப் போட்டோ எல்லாம் முடியும். சாயங்காலம் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும்.

அதன் பிறகு அந்த வீட்டில் இருப்பவர்கள் யார்? ஏழு மாதக் கர்ப்பிணி, அவருடைய அம்மா, அப்பா. சில வீடுகளில் கூடவே ஒரு வயதான ஆச்சி. அவ்வளவுதான்.

நள்ளிரவு 2 மணிக்கு வலி வந்தால் யாரைக் கூப்பிடுவது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, யார் முடிவெடுப்பது? இந்த மூன்று கேள்விக்கும் வளைகாப்பு நாளிலேயே பதில் வைத்திருக்கும் வீடுகள் குறைவு. ஆனால் பதில் இருக்க வேண்டிய நேரம் அதுதான். ஏன் என்று பார்ப்போம்.

ஏழாம் மாதத்தில் அப்படி என்ன இருக்கிறது?

'பத்து மாதம் சுமந்து பெற்றவள்' என்று நாம் சொல்வதை வெறும் பேச்சு வழக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. 28 நாளை ஒரு மாதமாகக் கணக்கு வைத்துப் பாருங்கள். பத்து மாதம் என்பது சரியாக 280 நாள், அதாவது 40 வாரம். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து டாக்டர்கள் போடும் கணக்கும் இதே 280 நாள்தான்.

இந்தக் கணக்குப்படி ஏழாம் மாதம் முடியும்போது 28 வாரம். மருத்துவம் மூன்றாவது டிரைமெஸ்டர் என்று சொல்லும் கடைசிக் கட்டம் தொடங்குவதும் அங்கேதான். வளைகாப்பு, தாய்வீட்டுப் பயணம், கடைசிக் கட்டத்தின் தொடக்கம் என மூன்றும் ஒரே சமயத்தில் வருகின்றன. அதே சமயத்தில் டாக்டர் மாறுகிறார், ஆஸ்பத்திரி மாறுகிறது, ஊரும் மாறுகிறது. அதுவரை சென்னையில் பார்த்த செக்கப் விவரம் முழுதாக அடுத்த டாக்டரின் கைக்கு வந்து சேர்ந்ததா என்பது இங்கே பெரிய கேள்வி.

உடம்பில் என்னென்ன மாறும்?

28 வாரத்தில் குழந்தையின் எடை ஏறத்தாழ ஒரு கிலோ. கண் திறந்து மூடும். வெளிச் சத்தத்துக்கு அசைவு காட்டும். வளையல் சத்தம் குழந்தைக்குக் கேட்கும் என்று பெரியவர்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது.

தாயின் உடம்பில் ரத்தத்தின் அளவு ஏறத்தாழ பாதி மடங்கு கூடியிருக்கும். ஆனால் சிவப்பணுக்கள் கூடுவதைவிட ரத்தத்தின் நீர்ப்பகுதிதான் அதிகம் கூடுகிறது. அதனால் ஹீமோகுளோபின் அளவு கொஞ்சம் இறங்கும். ஏற்கெனவே இரும்புச்சத்து குறைவாக உள்ளவர்களுக்கு இந்தக் கட்டத்தில்தான் மூச்சு வாங்கல், படபடப்பு, அசதி எல்லாம் தெரிய ஆரம்பிக்கும்.

வளரும் கர்ப்பப்பை மேலே இரைப்பையைத் தள்ளுவதால் நெஞ்செரிச்சல் வரும். கீழே சிறுநீர்ப்பையை அழுத்துவதால் அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கும். இடுப்பு வலி, ராத்திரியில் கெண்டைக்கால் பிடிப்பு, மலச்சிக்கல், சாயங்காலம் கால் வீக்கம் ஆகியவை பெரும்பாலானவர்களுக்கு வரக்கூடியவை. செட்டிநாட்டு மிளகுக் காரத்தை ராத்திரிச் சாப்பாட்டில் குறைத்து, சாப்பிட்ட உடனே படுக்காமல் இருந்தால் நெஞ்செரிச்சல் ஓரளவு அடங்கும்.

தூங்கும்போது மல்லாந்து படுப்பதைத் தவிர்க்கச் சொல்வார்கள். கர்ப்பப்பையின் எடை முதுகுப் பக்கம் உள்ள பெரிய ரத்தக்குழாயை அழுத்தி, குழந்தைக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கலாம் என்பதுதான் காரணம். ஒருக்களித்துப் படுப்பது நல்லது. தூக்கத்தில் புரண்டு மல்லாந்துவிட்டால் பதற வேண்டாம். விழித்ததும் திரும்பிப் படுத்தால் போதும்.

28-வது வாரத்துக்குள் முடிக்க வேண்டிய டெஸ்ட்கள்

சுகர்: 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். அளவு 140-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கர்ப்பகால நீரிழிவு. வெறும் வயிற்றில் வரவேண்டியதில்லை என்பதுதான் இந்த முறையின் வசதி. பஸ் பிடித்து வரும் கிராமத்துக் கர்ப்பிணியை மறுநாள் பட்டினியோடு திரும்ப வரச்சொல்ல வேண்டியதில்லை. இந்த எளிய முறை இந்தியாவில் பரவக் காரணமானவர்களில் முக்கியமானவர் சென்னையைச் சேர்ந்த நீரிழிவு நிபுணர் வி.சேஷையா. அவருடைய பிறந்தநாளான மார்ச் 10, தேசியக் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. முதல் செக்கப்பில் நார்மல் என்று வந்திருந்தாலும், 24 முதல் 28 வாரத்துக்குள் திரும்பவும் பார்க்க வேண்டும். வளைகாப்பு பலகாரத் தட்டு வருவதற்கு முன்பே ரிசல்ட் கையில் இருந்தால் நல்லது.

ஹீமோகுளோபின்: 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 7-க்குக் கீழே இருந்தால் தீவிர ரத்தசோகை. 2019-21-ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஏறத்தாழ இரண்டு பேரில் ஒருவர். பிரசவத்தில் இழக்கும் ரத்தத்தை, ஏற்கெனவே ரத்தம் குறைவாக உள்ள உடம்பால் தாங்க முடியாது. கடைசி இரண்டு வாரத்தில் மாத்திரை போட்டு இதைச் சரிசெய்ய முடியாது; இப்போது தொடங்கினால் அவகாசம் இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாகப் போடக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரையோடு டீ, காபி வேண்டாம். எலுமிச்சை ஜூஸ், நெல்லிக்காய், கொய்யா நல்லது.

ரத்த வகை: தாய் நெகட்டிவ், தந்தை பாசிட்டிவ் என்றால் 28-வது வாரத்தில் 'ஆன்டி-டி' ஊசி பற்றி டாக்டரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொரு ஊசி உண்டு. ஊர் மாறும் குழப்பத்தில் நழுவிப்போக வாய்ப்புள்ள விஷயம் இது.

பிபி: ஒவ்வொரு செக்கப்பிலும் பார்க்க வேண்டும். 140/90 என்றால் அலட்சியம் கூடாது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2016-ம் ஆண்டுப் பரிந்துரைப்படி ஒரு கர்ப்பத்தில் குறைந்தது 8 செக்கப் வேண்டும். அதில் ஐந்து, கடைசிக் கட்டத்தில் வருபவை: 30, 34, 36, 38, 40-வது வாரங்கள். அதாவது பெரும்பாலான செக்கப் தாய்வீட்டில்தான் நடக்கப்போகிறது.

மூன்று தாமதங்கள்

பிரசவத்தில் தாய்மார்கள் ஏன் இறக்கிறார்கள் என்ற கேள்விக்கு செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994-ல் ஒரு எளிமையான விளக்கம் கொடுத்தார்கள். மூன்று இடங்களில் நேரம் வீணாகிறது. ஒன்று, ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று முடிவெடுப்பதில். இரண்டு, போய்ச் சேர்வதில். மூன்று, போன இடத்தில் சரியான சிகிச்சை கிடைப்பதில்.

தமிழ்நாடு இதில் நாட்டிலேயே முன்னணி மாநிலம். 2018-20 கணக்கெடுப்பில் ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறக்கும்போது இந்திய அளவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் அது 54. இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. அப்படியும் அந்த மூன்று தாமதங்கள் முழுதாகப் போய்விடவில்லை. ஒரு செட்டிநாட்டு வீட்டை வைத்தே இதைப் பார்க்கலாம்.

முதல் தாமதம்: 'சூட்டு வலியாத்தான் இருக்கும்!'

கடைசி மாதங்களில் வயிறு இறுகி இறுகித் தளர்வது சகஜம். பொய் வலி, சூட்டு வலி என்பார்கள். 'சீரகக் கஷாயம் குடிச்சுப் பாரு, நின்னா சூட்டு வலி, நிக்காட்டி பிரசவ வலி' என்பது பல வீடுகளில் கேட்கும் வைத்தியம். கஷாயத்தால் கெடுதல் இல்லை. 'பார்க்கலாம்' என்று காத்திருக்கும் நேரம்தான் பிரச்சினை.

பொய் வலிக்கு ஒழுங்கு இருக்காது. நடந்தாலோ, படுத்தாலோ, தண்ணீர் குடித்தாலோ அடங்கிவிடும். நிஜ வலி சீராக வரும். இடைவெளி குறையும், வலி கூடும். 37 வாரத்துக்கு முன்பே வலி சீராக வந்தால் கஷாயமே வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிதான். குறைமாதத்தில் வலி வரும்போது சீக்கிரம் போய்ச் சேர்ந்தால், குழந்தையின் நுரையீரல் பலப்பட ஊசி போட முடியும். அது வேலை செய்ய நேரம் வேண்டும்.

'ஏழு மாசக் குழந்தை பிழைக்கும், எட்டு மாசக் குழந்தை பிழைக்காது' என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. இது தவறு. வயிற்றுக்குள் கூடும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான்.

முடிவெடுப்பதில் இன்னொரு சிக்கல், அனுமதி. 'மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு...', 'சம்பந்தி வீட்டுல சொல்லாமப் போனா தப்பா நினைப்பாங்க...' என்று போன் போட்டுக்கொண்டிருக்கும் அரை மணி நேரம். சிங்கப்பூரில் மாப்பிள்ளையின் போன் சைலன்ட்டில் இருக்கும். இதற்கு ஒரே வழி, 'கீழே உள்ள அறிகுறி ஏதாவது வந்தால் யாரையும் கேட்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள், வழியில் சொன்னால் போதும்' என்று மாப்பிள்ளையும் சம்பந்தியும் முன்கூட்டியே சொல்லிவிடுவது.

உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்:

- எந்த அளவாக இருந்தாலும் ரத்தப்போக்கு
- தண்ணீர்க்குடம் உடைவது (வலி இல்லாவிட்டாலும், பச்சை நிறமாக இருந்தால் இன்னும் அவசரம்)
- விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி, முகம், கை வீங்குவது
- வலிப்பு, மயக்கம், கடும் மூச்சுத்திணறல்
- காய்ச்சல், விடாத வாந்தி
- குழந்தையின் அசைவு குறைவது

கடைசி அறிகுறிக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. 'மாசம் ஆக ஆக இடம் இல்லாம குழந்தை அசையாது' என்று சொல்வார்கள். அப்படி இல்லை. அசைவின் விதம் மாறலாம். உதை குறைந்து புரள்வதுபோல் தெரியலாம். அசைவே குறையக் கூடாது. சந்தேகம் வந்தால் சாப்பிட்டுவிட்டு இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் 10 அசைவு தெரியவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது தாமதம்: வாசலிலிருந்து ஆஸ்பத்திரிவரை

செட்டிநாட்டு வீடு கர்ப்பிணிக்குக் கொஞ்சம் சவாலானது. உயரமான வாசல் படிகள், அறைக்கு அறை நிலைப்படி, வீட்டின் பின்கட்டில் கழிப்பறை, தண்ணீர் பட்டால் வழுக்கும் ஆத்தங்குடி டைல்ஸ் தரை. படுக்கையைக் கீழ்த்தளத்துக்கு, கழிப்பறைக்குப் பக்கத்தில் உள்ள அறைக்கு மாற்றுங்கள். போகும் வழியில் ராத்திரி முழுக்க ஒரு பல்ப் எரியட்டும். ஈரக்காலோடு டைல்ஸில் நடக்காமலிருக்க மிதியடி போடுங்கள். மேற்கத்திய டாய்லெட் இல்லை என்றால் கைப்பிடி ஒன்றாவது பொருத்துங்கள்.

அடுத்தது வண்டி. 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடுகிறது, கட்டணம் இல்லை. ஆனால் பெரிய பெரிய வீடுகளாக, ஒரே மாதிரி தெருக்களாக இருக்கும் ஊரில் 'எந்த வீடு?' என்று தேடுவதிலேயே நேரம் போகும். ஊர் பெயர், தெரு, பக்கத்தில் உள்ள கோயில் அல்லது ஊருணி என அடையாளத்தை எழுதி போனுக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். சொல்லும்போது 'சிவகங்கை மாவட்டம், காரைக்குடி பக்கம்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஒரு கொத்தமங்கலம் இருக்கிறது. ஆம்புலன்ஸ் தாமதமானால் வர ஒப்புக்கொண்ட இரண்டு டிரைவர்களின் நம்பரும் வேண்டும்.

சென்னையிலிருந்து தாய்வீட்டுக்கு வரும் பயணத்தையும் தள்ளிப்போடாதீர்கள். சிக்கல் இல்லாத கர்ப்பம் என்றால் டாக்டரின் சம்மதத்தோடு பயணிக்கலாம். பல்லவன் எக்ஸ்பிரஸில் வந்தால் இடையிடையே எழுந்து நடக்க முடியும். காரில் வந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும். சீட் பெல்ட் வயிற்றுக்குக் கீழே போக வேண்டும்.

மூன்றாவது தாமதம்: போன இடத்தில் எல்லாம் இருக்கிறதா?

ஆரம்ப சுகாதார நிலையம், காரைக்குடி அரசு மருத்துவமனை, காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் உள்ள தனியார் மருத்துவமனைகள், அதற்கும் மேலே சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. எங்கே டெலிவரி என்பது குடும்பத்தின் விருப்பம். ஆனால் எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் நான்கு கேள்வி கேளுங்கள். ராத்திரியில் மகப்பேறு டாக்டர் இருப்பாரா? மயக்க மருந்து டாக்டர் எவ்வளவு நேரத்தில் வருவார்? ரத்தம் எங்கிருந்து வரும்? குழந்தைக்கு ஏதாவது என்றால் எங்கே அனுப்புவீர்கள்?

பிரசவத்துக்குப் பின் வரும் அதிக ரத்தப்போக்கு இரண்டு மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடியது. மதுரைக்குப் போகலாம் என்று அப்போது யோசிப்பது தாமதம். ரத்தசோகை, பிபி, சுகர், இரட்டைக் குழந்தை, முந்தைய சிசேரியன், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது என ஏதாவது இருந்தால் முதலிலிருந்தே பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுவதுதான் பாதுகாப்பு. அதே ரத்த வகையில் இரண்டு பேரைச் சொல்லிவைப்பதும் நல்லது.

சிசேரியன் பற்றியும் முன்பே பேசுங்கள். தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன், தனியாரில் 63.8, அரசு ஆஸ்பத்திரிகளில் 36 சதவீதம். தேசிய சராசரி 21.5. தேவைப்படும்போது அது உயிர் காக்கும் ஆபரேஷன், பயப்பட ஒன்றுமில்லை. எதற்காக என்று கேட்கும் உரிமை தாய்க்கு உண்டு. ஆனால், 'நல்ல நட்சத்திரம், நல்ல நேரம்' பார்த்து 39 வாரத்துக்கு முன்பே குழந்தையை எடுக்கச் சொல்வது ஆபத்து. முழுதாகத் தயாராகாத நுரையீரலோடு பிறக்கும் குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரலாம்.

பேப்பர் வேலை: மறந்தால் பின்னால் அலையணும்

ஆர்சிஎச் எண்: தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பமும் 'பிக்மி' தளத்தில் பதிவாக வேண்டும். தனியாரில் காட்டினாலும் இது தேவை. இந்த எண் இல்லாமல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வாங்குவதில் சிக்கல் வரும். சென்னையில் பதிவு செய்திருந்தால், தாய்வீட்டுக்கு வந்ததும் அந்தப் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் எண்ணைச் சொல்லுங்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறப்பவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் அந்தச் சான்றிதழ்தான் அடிப்படை.

லீவு: 2017 சட்டத் திருத்தத்தின்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அதில் அதிகபட்சம் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன் எடுக்கலாம். கடந்த 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். ஹெச்ஆருக்கு எழுத்தில், மெயிலில் தெரிவியுங்கள்.

பணம்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தகுதியுள்ள ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு, ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி கிடைக்கும். திட்டத்துக்குப் பெயர் தந்தவர் பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர். தவணைகள் தவறாமல் வர, தாயின் பெயரில் வங்கிக் கணக்கும் ஆர்சிஎச் எண்ணும் வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், சாப்பாடு எல்லாம் 2011-ல் தொடங்கிய தாய்-சேய் திட்டத்தின்கீழ் இலவசம். வீட்டுக்குத் திரும்ப 102 வண்டியும் இலவசம்.

பையில் என்ன வைக்கலாம்?

34-வது வாரத்துக்குள் ஒரு பை தயாராக இருக்கட்டும். எல்லா ஸ்கேன், டெஸ்ட் ரிப்போர்ட், தாய்-சேய் நல அட்டை, ஆதார், காப்பீட்டு அட்டை ஆகியவை ஒரே ஃபைலில். அதையே போட்டோ எடுத்துக் கணவர் போனிலும் அம்மா போனிலும் வையுங்கள். முன்பக்கம் திறக்கும் நைட்டி, நாப்கின், துவைத்துக் காய வைத்த பழைய பருத்தித் துணி, குழந்தைக்குச் சட்டை, தொப்பி, துண்டு, பிளாஸ்க், டம்ளர், சார்ஜர், கொஞ்சம் ரொக்கம். நகை வேண்டாம்.

பிறந்ததும் சேனை, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். ஆறு மாதம்வரை அது மட்டும்.

மனசுக்கு யார்?

பிரசவத்தை நினைத்துப் பயம், தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை எல்லாம் இந்தக் கட்டத்தில் வரலாம். ஆபீஸ், நண்பர்கள், கணவர் எல்லாரையும் விட்டு, அமைதியான பெரிய வீட்டில் மூன்று மாதம் இருப்பது எல்லோருக்கும் ஓய்வாக அமைவதில்லை. 'எல்லாரும் பெத்துக்கலையா?' என்ற பதில் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் மனச்சோர்வு நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம். பிரசவ அறைக்குள் தாய்க்குத் துணையாக ஒரு பெண்ணை அனுமதிக்கும் முறை தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் உண்டு. அந்தத் துணை யார் என்பதைக் கர்ப்பிணியே சொல்லட்டும்.

வளைகாப்பு அன்றே ஒரு பத்து நிமிஷம்

இதையெல்லாம் எப்போது பேசுவது? இரண்டு குடும்பமும், முடிவெடுக்கும் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் நாள் வளைகாப்பு நாள்தான். பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் பத்து நிமிஷம் போதும். எந்த ஆஸ்பத்திரி, எது கைகொடுக்கும் இரண்டாவது ஆஸ்பத்திரி, யார் வண்டி, யார் ரத்தம், யார் துணை, யாரைக் கேட்காமல் கிளம்பலாம்? ஆறு பதிலையும் ஒரு தாளில் எழுதி, 108-ஐப் பெரிதாக மேலே போட்டு, தொலைபேசிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

கார்கள் கிளம்பிப் போன பிறகும் அந்தத் தாள் அங்கேயே இருக்கும். ராத்திரி 2 மணிக்கு, கண்ணாடியைத் தேடிப்பிடித்து ஆச்சி படிக்கும்படி எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும்.